வரம் கொடுத்தால் வரம்பும் வேண்டும்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செம்பரம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரே அமளி.

"செல்லாதுன்னா செல்லாது!" இது அக்காவின் மூத்த பிள்ளை. கல்லூரியில் முதல் வருஷம்.

"அப்படின்னா நீயே தனியா விளையாடிக்கோ!" இது அவன் தங்கை. பத்தாவது படிக்கிறவள். நோட்டை மூடிக்கொண்டு விடுவிடென்று மாடிக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் பகடையும் கையுமாகத் திருதிருவென்று விழித்தார்கள்.

விசாரித்தேன். அவர்கள் ஆடுவது 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டமாம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி, 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. சொக்கட்டானைப்போல் கட்டமும் காயும் இதில் பெரிதல்ல, கதைதான் பெரிது. கூத்துக்கு ஒரு வாத்தியார் இருப்பதுபோல், இதிலும் கதையை நடத்த ஒருவர் உண்டு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், திருடன், மந்திரவாதி. செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை விழும் எண் சொல்லும்.

மூன்று மாதமாக நடந்த கதை அன்றைக்கு முடிய வேண்டும். மலைக் குகையில் நெருப்பைக் கக்கும் டிராகன் காத்திருக்கிறது. அது பேச வேண்டிய வசனத்தையெல்லாம் அண்ணன் ராத்திரி கண் விழித்து எழுதி வைத்திருந்தான். மந்திரவாதி வேஷம் தங்கைக்கு. தன் முறை வந்ததும், "டிராகனைத் தவளையாக்குகிறேன்" என்றாள். டிராகன் தப்புமா என்று அண்ணன் பகடையை உருட்டினான். விழுந்தது இரண்டு! அவ்வளவுதான், மூன்று மாத வில்லன் தரையில் உட்கார்ந்து 'கொர்... கொர்...' என்கிறான்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "டிராகன்கிட்ட இந்த மந்திரம் செல்லாது" என்று அந்த நிமிஷமே புதுச் சட்டம் போட்டுவிட்டான்.

நியாயம் யார் பக்கம்? முறைப்படி கிடைத்த மந்திரத்தைச் சமயம் பார்த்துப் பிரயோகித்த பெண்ணை எப்படிக் குறை சொல்வது? ஆனால் வீரனும் திருடனும் கையைக்கூட ஓங்கவில்லை. அதற்குள் சண்டை முடிந்தால் அவர்கள்தான் எதற்கு?

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் மாமியார் தலையை நிமிர்த்தினார். "பாரதம் கேட்டதில்லையாடா நீ? கர்ணன் கையில இருந்த சக்தி ஆயுதம் லேசுப்பட்டதா? அது செல்லாதுன்னு கிருஷ்ணன் சொன்னாரா?"

கவச குண்டலங்களை வாங்கிக்கொண்டு இந்திரன் கர்ணனுக்குக் கொடுத்த ஆயுதம் அது. எறிந்தால் தப்பாது. ஆனால் ஒரே ஒரு முறைதான். பிறகு இந்திரனிடமே திரும்பிவிடும். அர்ஜுனனுக்கென்று கர்ணன் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். பதினான்காம் நாள் போர் இரவிலும் ஓயாமல் நடந்தபோது, கிருஷ்ணர் கடோத்கஜனை ஏவினார். அவன் செய்த துவம்சம் தாங்காமல் கர்ணன் அதை அவன்மேல் எறிய நேர்ந்தது. அர்ஜுனன் பிழைத்தான். வரத்தைக் கொடுத்தபோதே வரம்பையும் வைத்ததால் அந்தக் கதை நிற்கிறது. வரம்பு வைக்காமல் பஸ்மாசுரனுக்கு வரம் கொடுத்துவிட்டுச் சிவபெருமான் ஓட வேண்டியிருந்தது நமக்குத் தெரியாதா?

அன்றிரவு பையன் ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். அவன் தேடிய யுக்தி அதிலேயே இருந்தது! 2014-ல் வந்த பதிப்பின்படி, பெரிய டிராகன் பகடையில் தோற்றாலும், ஒரு நாளைக்கு மூன்று தடவை 'தப்பினேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மூன்றையும் கரைத்த பிறகுதான் பெரிய மந்திரத்தை நம்பலாம். கடோத்கஜன் சமாசாரமேதான்!

இன்னொன்று: உருமாற்றும் மந்திரம் நிலைக்க மந்திரவாதி மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும். அடி பட்டால் பகடை உருட்டித்தான் அதைக் காப்பாற்ற முடியும். தவறினால் தவளை மறுபடி டிராகன். ஆகையால் வில்லனைத் தனியே நிறுத்தாமல் நாலு அடியாட்களைச் சேர்த்தால், மந்திரவாதிக்குக் காவல் வேண்டியிருக்கும். வீரனுக்கும் வேலை கிடைக்கும்.

ஒரு வாரம் அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறன்று நான் மறுபடி போனபோது, அவனே மாடியேறிப் போனான்.

"தப்பு என்னுதுதான். தவளை தவளைதான். ஆனா அதோட அம்மா தேடிக்கிட்டு வர்றா. வர்றியா?"

வந்தாள்.

இந்தத் தடவை சட்டத்தை முன்கூட்டியே சொன்னான். தாய் டிராகனின் நெற்றியில் மூன்று செதில்கள் மின்னுகின்றன; மந்திரத்திலிருந்து தப்பும் ஒவ்வொரு தடவையும் ஒன்று உதிரும். தங்கை கண்ணைக் கட்டும் மந்திரத்தை ஏவினாள். டிராகன் தப்பியது, ஒரு செதில் விழுந்தது. வீண்போகவில்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் சிரிப்பு. காலைக் கட்டும் மந்திரத்துக்கு இரண்டாவது, பயமுறுத்தும் மந்திரத்துக்கு மூன்றாவது. அடியாட்கள் அவள்மேல் பாய, வீரன் குறுக்கே நின்று அடிகளை வாங்கிக்கொண்டான். அப்புறம்தான் தவளை மந்திரம்!

பகடை உருண்டது. மூன்று! திருடன் ஓடிப்போய்ப் பானையைக் கவிழ்த்தான். மேஜையைச் சுற்றி எழுந்த கூச்சலில் மாமியார் கீரையைக் கீழே போட்டுவிட்டார். தோற்ற அண்ணன்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினான்.

சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் நடந்தோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி; கொள்ளும் தண்ணீர் 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பிறகும், ஏரி நிரம்பக் கூடாதென்று இங்கே யாரும் வேண்டிக்கொள்வதில்லை. நிரம்பட்டும், மதகைச் சமயத்தில் திறந்தால் போதும் என்றுதான் சொல்கிறார்கள். பெண்ணின் கையில் கிடைத்த மந்திரமும் அப்படித்தான் அல்லவா?

கரையோரத்தில் ஏதோ கொர்... கொர்... என்றது. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கலகலவென்று சிரித்தார்கள்.