வீணையின் பிரடையும் கிட்டாரின் சாவியும்

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி விழாவையொட்டி, திருவரங்கத்தில் இராப்பத்து நாட்களில் நம்பெருமாள் இரவு மூலஸ்தானம் திரும்பும்போது வீணை இசைப்பது மரபு. இதனை வீணை ஏகாந்தம் என்பர். இசையைக் கேட்பதோடு வீணையையும் உற்றுப் பார்ப்பவருக்கு ஓர் ஐயம் எழும். வீணையில் ஏழு கம்பிகள். அவற்றை முறுக்க ஏழு பிரடைகள். நான்கு பிரடைகள் யாளி முகத்தை அடுத்து, பக்கத்துக்கு இரண்டாக உள்ளன. மற்ற மூன்றும் தண்டியின் பக்கவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஏழையும் ஓரிடத்தில் வைத்தால் என்ன?

காவிரியைக் கடந்து திருச்சி நகருக்குள் வந்து, மெல்லிசைக் குழுவின் மேடையைப் பாருங்கள். அங்கே ஐந்து கம்பி பேஸ் கிட்டார் இருந்தால் அதன் தலைப்பகுதியைக் கவனியுங்கள். சிலவற்றில் ஐந்து சாவிகளும் ஒரே வரிசையில் இருக்கும். சிலவற்றில் ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் ஒன்றும், வேறு சிலவற்றில் மூன்றும் இரண்டுமாக இருக்கும். இங்கும் அதே ஐயந்தான். சாவியின் இடம் சுருதியை மாற்றுமா?

கம்பியின் விதி

கம்பியின் அதிர்வெண்ணை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன: அதிரும் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை. நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும். நீளத்தை மாற்றாமல் இரு மடங்கு பெற வேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். அவ்வளவு முறுக்கினால் கம்பி அறுந்துவிடக்கூடும்.

தண்டியின் மூன்று பிரடைகளும் தாளக் கம்பிகளுக்கு உரியவை. இவை ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் என ஒலிப்பவை. மேல் ஸட்ஜக் கம்பியின் அதிர்வெண், மெட்டுகளின்மேல் செல்லும் ஸாரணிக் கம்பியின் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கு. அதனால் தாளக் கம்பிகளைத் தண்டியின் நடுவழியிலேயே நிறுத்தி, அதிரும் நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள். இங்கே பிரடையின் இடம் சுருதியோடு நேரடித் தொடர்புடையது.

தலைப்பக்கத்து நான்கு பிரடைகளின் நிலை வேறு. அந்தக் கம்பிகள் மேரு என்னும் தடுப்பின்மீது ஏறிச் செல்கின்றன. மேருவுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட பகுதியே அதிர்கிறது. மேருவுக்கு அப்பால் பிரடை ஒரு விரற்கடை தள்ளியிருந்தாலும் நான்கு விரற்கடை தள்ளியிருந்தாலும், அதே சுருதிக்கு அதே இழுவிசைதான் வேண்டும்.

ஐந்தாவது கம்பி

பேஸ் கிட்டாரும் இந்த விதிக்கு உட்பட்டதே. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பேஸ் கிட்டாரில் நான்கு கம்பிகள். சாவிகள் ஒரே வரிசையில் இருந்தன. அதன் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். இன்றைய ஐந்து கம்பிக் கருவிகள் பலவற்றில் அதற்கும் கீழே, ஏறத்தாழ 31 அதிர்வுகள் கொண்ட கம்பி ஒன்று சேர்கிறது. நீளமும் இழுவிசையும் மாறாதிருக்க, அதன் நிறை ஏறத்தாழ 1.8 மடங்காக வேண்டும். எனவே அது மிகவும் தடித்திருக்கும்; எளிதில் வளையாது.

ஐந்து சாவிகளையும் ஒரே வரிசையில் வைத்தால் தலை நீண்டுவிடும். அந்தப் பக்கம் பாரமாகி, கருவி தாழத் தொங்கும். கடைசிச் சாவிக்குச் செல்லும் கம்பி தடுப்பின்மேல் சரியாக அழுந்தாமல் அதிரவும் கூடும். 1987-இல் வந்த மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே 5 கருவியில் நான்கு சாவிகள் ஒரு பக்கமும், மெல்லிய கம்பியின் சாவி மறுபக்கமும் அமைந்தன. தலை குறுகியது.

உராய்வு

அப்படியானால் தலைப்பகுதியில் கவனிக்க வேண்டியது எது? கம்பி மேருவில் திரும்பும் கோணம். கோணம் மிகக் குறைந்தால் கம்பி நழுவும். மிகுந்தால் உராய்வு கூடும். வீணையில் கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது, மேருவுக்கு அப்பாலுள்ள பகுதியும் சற்று நகர்ந்துவரும். விட்டதும் அது முழுவதும் பின்வாங்க வேண்டும். உராய்வு தடுத்தால் ஸட்ஜம் இறங்கிவிடும். வாசிப்பவர் தம் விரலைக் குறை சொல்வார்; குற்றமோ மேருவினுடையது.

வீணைப் பிரடையைப் பிடித்து நிறுத்துவதும் உராய்வே. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நாரின் குறுக்கே அதிகமாகப் பருக்கும். நாரின் போக்கில் மிகச் சிறிதே நீளும். அதனால் வட்டமான துளை சற்று நீள்வட்டமாகும். இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட தீவான திருவரங்கத்தில் மழைக்காலத்தில் பிரடை இறுகிக்கொண்டாலும், கோடையில் நழுவினாலும் வியப்பில்லை. நுட்பமான திருத்தத்துக்காக, நாகபாசத்தின் பக்கம் கம்பிகளில் லங்கர் என்னும் உலோகச் சுருள்களைக் கோத்திருக்கிறார்கள். கிட்டாரில் இந்த வேலையைத் திருகுப்பல்லும் பல்சக்கரமும் செய்கின்றன. பல பேஸ் கிட்டார்களில் சாவியை ஏறத்தாழ 20 சுற்று திருகினால்தான் உருளை ஒரு சுற்று சுற்றும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் சாவி தானாகப் பின்னோக்கிச் சுழலாது.

மாணவர்களே, பள்ளி ஆய்வகத்தின் சுரமானியில் இதைச் சோதிக்கலாம். அதே எடையைத் தொங்கவிட்டு, பாலங்களை நகர்த்தாமல், கப்பிக்கு அப்பால் தொங்கும் கம்பியின் நீளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். சுருதி மாறாது. பிறகு பாலங்களை நெருக்கிப் பாருங்கள், சுருதி ஏறும். தாளக் கம்பிகளின் பிரடைகள் தனியே நிற்பதன் காரணம் அப்போது உங்கள் காதுக்கே புலப்படும்.