பருத்தியைத் தொடாத கத்தரி

முற்றிய ஆட்டிறைச்சியோடு பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்த்து அம்மா வேகவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பப்பாளிப் பாலிலுள்ள ‘பப்பாயின்’ என்னும் நொதி, புரதச் சங்கிலியை நீரின் துணைகொண்டு துண்டு துண்டாக வெட்டுகிறது; தான் மட்டும் செலவாவதில்லை. நம் இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் செய்வது இதே வேலைதான்.

இந்த வேலையைச் சலவைக்கும் பயன்படுத்தலாமென 1913-இல் காட்டியவர் ஜெர்மானியரான ஆட்டோ ரோம். இன்று பல சலவைத்தூள்களில் நுண்ணுயிர்கள் தரும் நொதிகள் உள்ளன. இரத்தம், பால் ஆகிய புரதக் கறைகளை அவை அகற்றும். திருப்பூர்ப் பருத்திப் பனியனோ செல்லுலோஸ், அதற்குத் தீங்கில்லை.

ஆனால் பட்டும் கம்பளியும் புரதமே! அத்தூளில் அம்மாவின் பட்டுச்சேலையை ஊறவைத்தால் கறையோடு பட்டும் அரிபடும். கொதிநீரோ நொதியையே செயலிழக்கச் செய்யும். எனவே, துணியறிந்து துவைப்போம்!