பால சாகித்ய புரஸ்கார்: சிறார் நூல்களுக்கான விருதும் அதன் ஆண்டு நிகழ்வுகளும்

பால சாகித்ய புரஸ்கார் என்பது இந்திய மொழிகளில் வெளிவரும் சிறந்த சிறார் நூல்களுக்கு சாகித்ய அகாதெமி ஆண்டுதோறும் வழங்கும் விருது. 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தமிழ் உட்பட 24 மொழிகளுக்கு, மொழிக்கு ஒன்று என அளிக்கப்படுகிறது. ரூ. 50,000 பணமும் செப்புப் பட்டயமும் கொண்டது. 2012-ஆம் ஆண்டு தமிழுக்கான விருதை ராஜபாளையத்தைச் சேர்ந்த எழுத்தாளர் கொ. மா. கோதண்டம் பெற்றார்.

பின்னணி

சாகித்ய அகாதெமி 1954-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று புது தில்லியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ஜவஹர்லால் நேரு. அகாதெமியின் முதன்மை விருதுகள் 1955 முதல் வழங்கப்படுகின்றன. தமிழில் முதல் விருதை ‘தமிழின்பம்’ நூலுக்காக ரா. பி. சேதுப்பிள்ளை பெற்றார். மொழிபெயர்ப்புக்கான விருது 1989-இல் வந்தது. சிறார் இலக்கியத்துக்கு 2010-இலும், 35 வயதுக்கு உட்பட்ட இளம் எழுத்தாளர்களுக்கு 2011-இலும் தனி விருதுகள் ஏற்பட்டன.

தமிழில் சிறார் எழுத்துக்கு அமைப்பு முயற்சிகள் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தன. அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். ஆயினும் தேசிய அளவில் சிறார் நூலுக்கென்று ஒரு விருது ஏற்பட அகாதெமி தோன்றி 56 ஆண்டுகள் ஆயின.

தேர்வு முறை

விருது ஆண்டுக்கு முந்தைய ஐந்தாண்டு காலப்பகுதியில் முதற்பதிப்பாக வெளிவந்த நூல்களே கருதப்படுகின்றன. ஒவ்வொரு மொழிக்கும் மூவர் கொண்ட நடுவர் குழு உண்டு. குழு ஒருமனதாகவோ பெரும்பான்மை வாக்கின்படியோ ஒரு நூலைப் பரிந்துரைக்கும். அகாதெமியின் செயற்குழு அதை ஏற்று அறிவிக்கும்.

தொடக்க ஆண்டுகளில் ஒரு தனி நூலுக்குப் பதிலாக, ஓர் எழுத்தாளரின் ஒட்டுமொத்தப் பங்களிப்பைக் கருதியும் விருது வழங்க இடம் இருந்தது. தமிழில் 2017-இல் குழந்தைகள் நாடகக் கலைஞர் வேலு சரவணனும், 2019-இல் அழ. வள்ளியப்பாவின் மகள் தேவி நாச்சியப்பனும் இவ்வகையில் விருது பெற்றனர்.

ஆண்டு நிகழ்வுகள்

விருதைப் பற்றிய செய்திகள் ஆண்டில் இரண்டு முறை வருகின்றன. அண்மை ஆண்டுகளில் பால சாகித்ய புரஸ்கார், யுவ புரஸ்கார் ஆகிய இரண்டும் ஜூன் மாதத்தில் சேர்த்தே அறிவிக்கப்பட்டுள்ளன. மறுநாள் நாளிதழ்களில் இச்செய்தி வரும். தமிழகத்தில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் காலமும் இதுவே.

இரண்டாவது நிகழ்வு விருது வழங்கும் விழா. இது பெரும்பாலும் நவம்பரில், நேருவின் பிறந்த நாளான குழந்தைகள் நாளையொட்டி நடைபெறும். விழாவை அடுத்து விருதாளர்கள் கூடி, தாங்கள் எழுதிய அனுபவத்தைப் பகிரும் சந்திப்பும் நடப்பதுண்டு. முதன்மை விருதுகளுக்கான விழா இதிலிருந்து வேறுபட்டது. அது பிப்ரவரி அல்லது மார்ச்சில் தில்லியில் நடைபெறும் அகாதெமியின் இலக்கியத் திருவிழாவையொட்டி அமையும்.

ஆக, ஜூன் அறிவிப்புக்கும் நவம்பர் விழாவுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து மாதங்கள் உள்ளன. பள்ளி ஆண்டின் முதற்பாதி முழுவதும் இதற்குள் அடங்கும். ஒரு நூலை வாங்கி, வகுப்பில் வாசித்து, பிள்ளைகளைக் கருத்து எழுதச் செய்ய இக்காலம் போதும்.

விருது பெற்ற தமிழ் நூல்கள்

தமிழில் விருது பெற்ற நூல்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் வகையில் சில நூல்கள் கீழே தரப்படுகின்றன.

கதைகள்: முதல் விருது 2010-இல் மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’ நூலுக்குக் கிடைத்தது. 2021-இல் மு. முருகேஷின் ‘அம்மாவுக்கு மகள் சொன்ன கதை’, 2022-இல் ஜி. மீனாட்சியின் ‘மல்லிகாவின் வீடு’, 2024-இல் யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ ஆகியவை விருது பெற்றன.

பாடல்கள்: 2011-இல் ம. இலெ. தங்கப்பாவின் ‘சோளக்கொல்லைப் பொம்மை’, 2015-இல் செல்ல கணபதியின் ‘தேடல் வேட்டை’, 2018-இல் கிருங்கை சேதுபதியின் ‘சிறகு முளைத்த யானை’.

அறிவியல்: 2014-இல் இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’. வேதாளம் கேள்வி கேட்கும் பழைய கதை அமைப்பைக் கொண்டே அறிவியலைச் சொல்கிறது. இந்நூலாசிரியர் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றியவர்.

நாவல்கள்: 2020-இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பாலியல் சீண்டலிலிருந்து குழந்தைகள் தங்களைக் காத்துக்கொள்வதைப் பேசுகிறது. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் செய்தியை ஒரு பொம்மையின் வாயால் குழந்தைக்குச் சொல்கிறது. 2023-இல் விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியின் பழந்தமிழர் வாழ்வை மையமாகக் கொண்டது. சமூக அறிவியல் பாடத்தில் கீழடி வரும்போது உடன் வாசிக்க ஏற்றது. 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ விருது பெற்றது.

விருதுநகர் மாவட்டத் தொடர்பு

கொ. மா. கோதண்டத்துக்கு விருது பெற்றுத் தந்த நூல் ‘காட்டுக்குள்ளே இசைவிழா’. ராஜபாளையத்துக்கு மேற்கே தொடங்கும் மலையையும், காட்டையும், அங்கு வாழும் பளியர் மக்களையும் பற்றித் தொடர்ந்து எழுதியவர் அவர்.

இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்திராயிருப்பு வட்டாரத்தில் உள்ள ஊர் மகாராஜபுரம். சதுரகிரிக்குச் செல்வோர் தாணிப்பாறையை நோக்கி இவ்வழியே போவார்கள். ஊருக்கு மேற்கே உள்ள காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. இவ்வூர்ப் பிள்ளைகள் தினமும் காணும் மலையை எழுதிய ஒருவர் தேசிய விருது பெற்றிருக்கிறார் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நூல் எழுதுபவர் எங்கோ தொலைவில் இருப்பவர் என்ற எண்ணம் அப்போது மாறும்.

அகாதெமியின் முதன்மை விருதும் இம்மாவட்டத்துக்குக் கிடைத்துள்ளது. மேலாண்மறைநாட்டைச் சேர்ந்த மேலாண்மை பொன்னுச்சாமி 2008-இல் ‘மின்சாரப்பூ’ சிறுகதைத் தொகுப்புக்காகப் பெற்றார். அவர் தொடக்கப் பள்ளிப் படிப்பை மட்டுமே முடித்தவர். மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் 2018-இல் ‘சஞ்சாரம்’ நாவலுக்காகப் பெற்றார். அந்நாவல் கரிசல் நாட்டு நாதசுவரக் கலைஞர்களின் வாழ்வைச் சொல்வது.

நூல் குழந்தையின் கைக்கு வருதல்

முதன்மை விருது பெறும் நூலை, அதைப் படிக்க விரும்புபவரே தேடி வாங்கிக்கொள்ள முடியும். சிறார் நூலின் நிலை வேறு. வாங்குபவர் பெரியவர், வாசிப்பவர் குழந்தை. எழுதுபவர், பதிப்பிப்பவர், தேர்ந்தெடுக்கும் நடுவர் எல்லோரும் பெரியவர்களே. ஒரு பெரியவர் முனைந்து கொண்டுவந்து தராவிட்டால், விருது பெற்ற நூல் எதுவும் கிராமத்துக் குழந்தையின் கண்ணில் படாது.

காலமும் ஒரு தடை. ஐந்தாண்டு வரம்பு இருப்பதால், ஒரு நூல் வெளிவந்து சில ஆண்டுகள் கழித்தே விருது பெறுவதுண்டு. நூல் வந்தபோது நான்காம் வகுப்பில் இருந்த குழந்தை, விருது அறிவிப்பின்போது ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ போயிருக்கும். ஆகவே விருதுச் செய்தி வந்த ஆண்டிலேயே நூலை வாங்குவது முக்கியம். இன்னும் ஓராண்டு தள்ளினால் மேலும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அதைத் தவறவிடுவார்கள்.

இதற்கு வழிகள் உண்டு. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இந்தியாவில் பொது நூலகத்துக்கென ஒரு மாநிலம் இயற்றிய முதல் சட்டங்களில் ஒன்றான இது, தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. இதன்படி உள்ளாட்சி அமைப்புகள் வீட்டு வரியுடன் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் வசூலிக்கின்றன. வீட்டு வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் நூலகத்துக்கும் பணம் கட்டியிருக்கிறது. ஆகவே ஊர் நூலகத்தில் விருது நூல்களைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றை எழுதி நூலகரிடம் கொடுக்கலாம். ஒருவர் தனியாகக் கேட்பதைவிடப் பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் பலன் அதிகம்.

பள்ளியில் செய்யக்கூடியவை எளியவை. ஜூன் மாத அறிவிப்பை நாளிதழிலிருந்து வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஒரே ஒரு படி கிடைத்தாலும் போதும், வாரம் ஒரு பாடவேளையில் ஆசிரியர் உரக்க வாசிக்கலாம். நூல் பிடித்திருந்ததா, பிடிக்கவில்லையா, ஏன் என்று பிள்ளைகளை நான்கு வரி எழுதச் சொல்லலாம். பிடிக்கவில்லை என்று எழுதும் பிள்ளையைத் திருத்த வேண்டாம். நடுவர் குழுவில் குழந்தைக்கு இடமில்லை. தன் கருத்தைச் சொல்ல வகுப்பறையிலாவது இடம் இருக்கட்டும்.

பள்ளிக் கல்வித்துறை 2022 முதல் மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. பிள்ளைகள் எழுதிய நூல் கருத்துகளில் நல்லவற்றை இவ்விதழ்களுக்கு அனுப்பிவைக்கலாம். நவம்பர் 14 அன்று விருது நூலின் ஒரு கதையைப் பிள்ளைகளே நாடகமாக நடிக்கலாம். அன்று பரிசாகத் தரும் எவர்சில்வர் கிண்ணத்துக்குப் பதிலாக அந்த நூலையே தரலாம்.