தொலைநோக்கியில் எண்ணிமப் படக்கருவி: விழுப்புரம் – திண்டிவனம் வானத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வான்படவியல், எண்ணிமப் படக்கருவி, நடுவரைத் தாங்கி, அருந்ததி, இருட்படம், மாறுவிண்மீன்

முன்னுரை

தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் எண்ணிமப் படக்கருவியைப் பொருத்தி விண்மீன்களைப் படமெடுக்கும் பழக்கம் தமிழகத்தின் சிறு நகரங்களிலும் பரவியுள்ளது. இதற்கான கையேடுகளிற் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து, 40 முதல் 55 பாகை வரையிலான வட அட்சக்கோடுகளில் வாழ்வோருக்காக எழுதப்பட்டவை. விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 12 பாகை வட அட்சக்கோட்டில் அமைந்தவை. அக்கையேடுகளை இங்கு எழுத்துப் பிசகாமற் பின்பற்றுவோர் மூன்று இடங்களில் இடறுகின்றனர்: துருவ அச்சை அமைத்தல், வெப்பத்தைக் கையாளுதல், தென்வானின் அடிப்பகுதியைப் படமெடுத்தல். கருவியின் பொதுவான இயக்கத்தை விளக்கிய பின் இம்மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நமக்கு அண்மையில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. சவ்வாது மலையின் காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. விழுப்புரத்திலிருந்து வான்வழியே அளந்தால் அது ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவுதான். அதன் அட்சக்கோடும் பன்னிரண்டரைப் பாகையே. வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் காண இயலும் என்பதே அவ்விடத்தைத் தெரிவு செய்ததற்குரிய முதன்மையான காரணங்களுள் ஒன்று. இராமானுசன் பெயர் தாங்கிய 4130ஆம் சிறுகோளை 1988 பிப்ரவரி 17 அன்று இரா. இராசமோகன் கண்டறிந்தது காவலூரில்தான். அது ஒளிப்படத் தகட்டின் காலம். தகடு தன்மேல் விழும் ஒளித்துகள்களில் நூற்றுக்கு ஓரிரண்டையே பதிவு செய்யும். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் சியார்ச்சு சுமித்தும் உருவாக்கிய சிசிடி என்னும் உணரியின் வழிவந்தவை நூற்றுக்கு எண்பதுக்கு மேலும் பதிவு செய்ய வல்லவை. இன்று கடைகளிற் கிடைக்கும் படக்கருவிகளில் இருப்பது பெரும்பாலும் சீமாஸ் வகை உணரி. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: விழும் ஒளித்துகள் மின்னணுவாக மாறிப் படப்புள்ளியிற் சேர்கிறது, பின்னர் எண்ணப்படுகிறது. எனவே இதனைப் படம் என்பதினும் எண்களின் அட்டவணை என்பதே பொருந்தும்.

அருந்ததி என்னும் அளவுகோல்

படக்கருவியின் வில்லையை நீக்கி, டி-வளையம் எனப்படும் இணைப்பின் வழியாக அதன் உடலை மட்டும் தொலைநோக்கியில் பொருத்தினால், தொலைநோக்கியே படக்கருவியின் வில்லை ஆகிவிடுகிறது. அந்நிலையில் 'எத்தனை மடங்கு பெரிதாக்கும்?' என்னும் வினாவுக்குப் பொருளில்லை. ஒரு படப்புள்ளி வானில் எத்தனை வில்நொடியைத் தழுவுகிறது என்பதே கேட்க வேண்டிய வினா. படப்புள்ளியின் அகலத்தை மைக்ரோமீட்டரிலும் குவியத்தூரத்தை மில்லிமீட்டரிலும் கொண்டு, முன்னதைப் பின்னதால் வகுத்து 206 ஆற் பெருக்கினால் விடை கிட்டும். 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத்தூரமும் உடைய நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் 4.3 மைக்ரோமீட்டர் படப்புள்ளி கொண்ட கருவியைப் பொருத்தினால் ஒரு புள்ளிக்கு 1.18 வில்நொடி. உணரியின் அளவு 22.3 × 14.9 மி.மீ. எனில் ஒரே படத்தில் அடங்கும் வானம் ஏறத்தாழ 1.7 × 1.1 பாகை. முழுநிலவின் விட்டம் அரைப் பாகை என்பதை நினைவிற் கொண்டால் இதன் விரிவு விளங்கும்.

கணக்கிட்ட இவ்வளவைக் கருவியின் அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பி விட்டுவிடாமல் வானிலேயே சரிபார்க்க வேண்டும். அதற்கு நம் மரபே ஓர் அளவுகோலைத் தந்துள்ளது. திருமணத்தில் அருந்ததி காட்டும் சடங்கு தமிழர் அறிந்தது. இன்று பகல் முகூர்த்தத்தில் கூரையை நோக்கி விரல் நீட்டுவதோடு அது முடிந்துவிடுகிறது. வசிட்டர் எனப்படும் விண்மீனுக்கும் அருந்ததிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 11.8 வில்நிமிடம், அதாவது 708 வில்நொடி. மேற்கூறிய அமைப்பில் இவ்விரு மீன்களும் 600 படப்புள்ளி இடைவெளியில் விழ வேண்டும். 630 வந்தால் குவியத்தூரம் அச்சிட்டதைக் காட்டிலும் மிகுதி என்பது தெளிவு. வசிட்டரும் தனிமீனன்று. 14.4 வில்நொடி இடைவெளியில் இரு மீன்கள் அங்குள்ளன; அவை 12 படப்புள்ளி தள்ளி விழும். அவ்விரண்டும் ஒட்டாது பிரிந்து தெரிந்தால் குவியம் செம்மையாக அமைந்தது எனக் கொள்ளலாம். இரட்டை விண்மீன் ஒன்று முதன்முதலில் ஒளிப்படத்திற் பதிவானதும் இவ்வசிட்டர்தான். ஆர்வர்டு வானாய்வகத்தில் 1857இல் அது நிகழ்ந்தது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. சங்க இலக்கியத்தில் வடமீன் என்னும் பெயர் அருந்ததியைச் சுட்டும். இக்காலத்தார் சிலர் துருவ விண்மீனை வடமீன் எனக் குறிப்பதால் மாணவர்க்குக் குழப்பம் நேர்கிறது. இக்கட்டுரையில் துருவமீன் என்பதே ஆளப்படுகிறது.

தாழ்ந்து நிற்கும் துருவம்

வானம் மணிக்கு 15 பாகை சுழல்கிறது. மேற்சொன்ன அமைப்பில், வான் நடுவரைக்கு அருகிலுள்ள மீன் ஒரு நொடியில் 13 படப்புள்ளி நகர்ந்துவிடும். ஆகவே, தொலைநோக்கியை விட அதனைத் தாங்கும் பொறியே படத்தின் தரத்தை முடிவு செய்கிறது. தொலைநோக்கிக்குப் பெரும்பணம் செலவிட்டுத் தாங்கியில் சிக்கனம் பார்ப்பது தலைகீழான கணக்கு.

மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும் எளிய தாங்கி, மோட்டார் பூட்டப்பெற்றுப் பொருளைத் தவறாது பின்தொடர்ந்தாலும், படத்தின் களம் தன் மையத்தைச் சுற்றிச் சுழலும். உச்சிக்கு அருகே இச்சுழற்சி விரைவு மிக்கது. ஒரியன் பெருமுகில் இங்கிலாந்தில் தெற்கே தாழ்ந்து செல்வது. விழுப்புரத்திலோ உச்சியிலிருந்து 17 பாகை தள்ளியே கடக்கிறது. அவ்வேளையில் களம் நிமிடத்துக்கு 0.8 பாகை சுழலும். 30 நொடிப் படம் ஒன்றின் மூலையில் உள்ள மீன் 20 படப்புள்ளிக்கு மேல் கோடாக இழுபட்டுவிடும். அங்கு எழுதிய கையேடு '30 நொடி போதும், பழுது தெரியாது' எனக் கூறுவது அங்கு மெய், இங்குப் பொய்.

எனவே நடுவரைத் தாங்கி இன்றியமையாதது. அதன் ஓர் அச்சு வான்துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். நம் ஊரில் துருவம் அடிவானிலிருந்து 12 பாகை உயரமே. தென்னையும் வீடும் மறைக்காத இடத்திலும், அவ்வுயரத்தில் ஒளி கடந்து வரும் காற்றின் அளவு உச்சியில் உள்ளதைப் போல் நான்கரை மடங்கிற்கும் மேல்; புழுதி நிறைந்த கோடை இரவில் துருவமீன் கண்ணுக்குப் புலப்படாமற் போவதும் உண்டு. தாங்கியிலும் இடர் உண்டு. துருவ அச்சு ஏறக்குறையப் படுத்துவிடுவதால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியின் ஒரு காலைத் தெற்கு நோக்கி வைத்து வடபுறத்தைத் திறந்து விடுவது எளிய தீர்வு. அச்சு 15 பாகைக்குக் கீழே இறங்க மறுக்கும் தாங்கிகளில், வடபுறக் கால்கள் இரண்டையும் சற்றுக் குறுக்கி முக்காலியையே வடக்கே சாய்க்கலாம்.

துருவமீன் தெரியாதபோது விலகல் முறை கைகொடுக்கும். தெற்கு வடக்காக உச்சியைக் கடக்கும் கோட்டில், வான் நடுவரையை ஒட்டிய ஒரு மீனைச் சில நிமிடம் கவனிக்க வேண்டும். அது தெற்கே விலகினால் அச்சு கிழக்கே திரும்பியுள்ளது. வடக்கே விலகினால் மேற்கே. பின்னர்க் கீழ்வானில் ஒரு மீன்: அது தெற்கே விலகினால் அச்சு தாழ்ந்துள்ளது, வடக்கே விலகினால் உயர்ந்துள்ளது. அரை மணி நேரம் பிடிக்கும் வேலைதான். அதைச் செய்யாது எடுத்த ஐந்து நிமிடப் படம் எதற்கும் உதவாது.

வெப்பமும் வான்வெளிச்சமும்

ஒளி விழாதபோதும் உணரியில் வெப்பத்தால் மின்னணுக்கள் பிறக்கின்றன. இவ்விருள்மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகை செல்சியசுக்கும் இரட்டிக்கும். 4 பாகைக் குளிரில் படமெடுப்பவரோடு 28 பாகை வெம்மையில் திண்டிவனத்து மொட்டைமாடியில் நிற்பவரை ஒப்பிட்டால் நான்கு முறை இரட்டிப்பு, அதாவது 16 மடங்கு. இரைச்சல் அதன் இருபடி மூலமாதலால் 4 மடங்கு கூடும். தொலைநோக்கியின் வாயை மூடி, அதே ஒளிபடு நேரத்திலும் அதே வெப்பநிலையிலும் இருட்படங்கள் எடுத்து, அவற்றின் சராசரியைக் கழித்தால் நிலையான கறைகள் நீங்கும். தற்போக்கான இரைச்சல் நீங்காது. அதனைக் குறைக்கப் பல படங்களை அடுக்கிச் சராசரி காண்பதே வழி. 16 படங்களை அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். நள்ளிரவில் எடுத்த படத்துக்கு மாலையில் எடுத்த இருட்படம் பொருந்தாது என்பதை மறத்தலாகாது.

இதனால் குளிர்விப்பானோடு கூடிய விலையுயர்ந்த படக்கருவியை எல்லோரும் வாங்க வேண்டும் என்பதில்லை. விழுப்புரம் சந்திப்பை ஒட்டியோ நெடுஞ்சாலை விளக்குகளின் அருகிலோ படமெடுப்பவருக்கு வான்வெளிச்சம் தரும் இரைச்சலே இருள்மின்னோட்டத்தை விஞ்சி நிற்கும். குளிர்விப்பானால் அங்கு பயன் சிறிது. அப்பணத்தில் ஒரு பகுதியைப் பேருந்துக் கட்டணமாக்கி இருண்ட ஊருக்குச் செல்வது மேல். திசையும் கருதத்தக்கது. திண்டிவனத்துக்கு வடகிழக்கே சென்னை, தெற்கிலும் தென்கிழக்கிலும் விழுப்புரமும் புதுச்சேரியும் வெளிச்சம் வீசும். நமக்கே உரிய தென்வானம் அவ்வெளிச்சத்தின் மேல்தான் எழுகிறது. செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலைச் சாலைப் பக்கத்துச் சிற்றூர்களில் தெற்குத் திசை இதனினும் தூயது. மரக்காணம் கடற்கரை தாழ்ந்த அடிவானைத் தரும். எனினும் உப்புக் காற்று கண்ணாடியின் பூச்சைக் கெடுக்கும் என்பதால் அங்குக் கருவியை நீண்ட நேரம் திறந்து வைத்தல் தகாது.

தென்வானம்: படமும் அளவீடும்

மே நடுப்பகுதியில் இரவு 10 மணியளவில் அருந்ததி வடக்கே 47 பாகை உயரத்தில் நிற்கும். அவ்வேளையிலேயே, அதே கோட்டில், தெற்கே 30 பாகை உயரத்தில் ஒமேகா செண்டாரி என்னும் கோளக் கொத்து நிற்கிறது. இலண்டனில் இது ஒருபோதும் எழுவதில்லை. அதன் விட்டம் அரைப் பாகைக்குச் சற்று மிகுதி. நம் களத்தில் நன்கு அடங்கும். அருந்ததியில் அளவைச் சரிபார்த்து, தொலைநோக்கியைத் தெற்கே திருப்பி அக்கொத்தைப் படமெடுப்பது ஒரே இரவில் முடிகிற, நிறைவளிக்கும் பயிற்சி.

படத்தின் அழகோடு நின்றுவிடாமல் அளவீட்டுக்குச் செல்வோருக்கு வேறொரு பொருள் உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறுவிண்மீனைக் கண்டறிந்தார். அதன் பொலிவெண் ஏறத்தாழ 6.5இலிருந்து 14 வரை இறங்கி மீள ஒன்பது திங்கள் ஆகும். வான் நடுவரைக்குத் தெற்கே 63 பாகையில் இருப்பதால் திண்டிவனத்தில் அது 15 பாகை உயரத்தைக் கூட எட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், சனவரி நடுவில் இரவு 9 மணியளவில் அது தன் உச்ச உயரத்தில் இருக்கும்.

இதனை அளக்க, படத்தைச் சுருக்காத மூல வடிவில் சேமித்து, எந்த மீனும் தெவிட்டாத அளவுக்கு ஒளிபடு நேரத்தைக் குறைத்து, பச்சைப் படப்புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே படத்தில் உள்ள, பொலிவு அறியப்பட்ட இரண்டு மூன்று மீன்களோடு இதனை ஒப்பிட வேண்டும். அடிவானத்துக் காற்று அனைத்து மீன்களின் ஒளியையும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் குறைப்பதால் ஒப்பீடு கெடுவதில்லை. 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் கழகம் இத்தகைய அளவீடுகளை எந்நாட்டு ஆர்வலரிடமிருந்தும் பெற்றுக்கொள்கிறது. நாள், நேரம், ஒப்பீட்டு மீன்களின் பெயர், பிழை அளவு ஆகியவை உடன் இருத்தல் வேண்டும். படக்கருவியின் கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி பின்னுக்கு மாற்றி உலக நேரத்தில் வைத்துக்கொண்டால் பின்னர்க் கணக்கிடும் தொல்லை இல்லை.