தவணை ஒத்திவைப்பு தள்ளுபடி அல்ல

கோலாலம்பூர் - நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வருமானம் குறைந்தோருக்காக, 2020 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை 6 மாதங்களுக்கு வங்கிக் கடன் தவணைகளை ஒத்திவைக்க பேங்க் நெகாரா வகை செய்தது. தனிநபர்களும் சிறு, நடுத்தர வணிகர்களும் இதில் அடங்கினர். ஏப்ரல் 1-ஆம் தேதியில் கடன் பாக்கி 90 நாள்களுக்கு மேல் செலுத்தப்படாமல் இருந்தால் இச்சலுகை கிடைக்கவில்லை.

வீட்டுக் கடனுக்கு அக்காலத்திலும் வட்டி இருந்தது. 4 விழுக்காடு வட்டியில் 100,000 வெள்ளி பாக்கி என்றால், 6 மாத வட்டி ஏறத்தாழ 2,000 வெள்ளி. தவணை கட்டாவிட்டால் அதைப் பின்னர் செலுத்தியே ஆகவேண்டியிருந்தது.

கார் கடனுக்குத் தானாக ஒத்திவைப்பு என்று இருந்துவிட முடியவில்லை. வங்கி அனுப்பிய ஒப்புதல் பாரத்தைப் படித்துப் பதிலளிக்க வேண்டியிருந்தது.

கடன் பற்று அட்டைக்கு ஒத்திவைப்பு இருக்கவில்லை. பாக்கியை 3 ஆண்டுகளுக்கு மேற்போகாத தவணைக் கடனாக மாற்றக் கோர முடிந்தது. வட்டி ஆண்டுக்கு 13 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

வேலை இழந்தோரும் கடை திறக்க முடியாதோரும் சலுகையை ஏற்று, கைப்பணத்தை அரிசிக்கும் மருந்துக்கும் வைத்துக்கொள்ள முடிந்தது. சம்பளம் குறையாதவர்கள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டுத் தவணையைத் தொடர்ந்து கட்டுவதே சிக்கனமாக இருந்தது.