அன்னையின் வயதை எண்ணும் நகரம்

அறுபது நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, ஆயிரம் பிறை கண்ட எண்பதில் சதாபிஷேகம் என்று ஆயுளின் படிகளைச் சடங்குகளால் சிறப்பிக்கும் நம் குடும்பங்களில், அவ்வாண்டுக் கணக்கு பெரும்பாலும் கணவனின் ஜன்ம நட்சத்திரத்தை ஒட்டியே அமைகிறது என்பதையும், இல்லத்தைத் தாங்கிய தாய் மாலை சூடிப் பக்கத்து மணையில் அமர்ந்தாலும் அவளுடைய சொந்த வயதை எவரும் எண்ணுவதில்லை என்பதையும், கணவனை இழந்தவளுக்கு அந்த மணையும் இல்லாது போகிறது என்பதையும் நினைக்கும்போது மனம் வருந்தாமலிருப்பதில்லை. ஆனால் ஒரு மூதாட்டியின் ஜயந்தியை அவருடைய சொந்த ஆண்டுகளைக் கொண்டே போற்றிவரும் ஊர் புதுச்சேரி. அவருடைய பிறந்தநாளான பிப்ரவரி 21 அன்று, நெல்லித்தோப்பு முதலிய பகுதிகளிலிருந்தும், தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் வரும் அன்பர்கள், மரீன் வீதியிலுள்ள ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னை வாழ்ந்த அறையைத் தரிசிக்க வரிசையில் நிற்கிறார்கள்.

மிர்ரா அல்ஃபஸா என்ற இயற்பெயருடன் 1878இல் பாரிஸ் நகரில் பிறந்த அவர், 1914 மார்ச் 29 அன்று இவ்வூரில் ஸ்ரீ அரவிந்தரை முதன்முறையாகச் சந்தித்தார். உலகப் போரின் காரணமாக மறு ஆண்டே பிரிய நேர்ந்தது. பிரான்சிலும் ஜப்பானிலும் காலம் கழித்து, 1920 ஏப்ரல் 24 அன்று திரும்பி வந்தவர் அதன்பின் புதுச்சேரியை விட்டுப் போய்க் குடியேறவேயில்லை. 1926 நவம்பரில் ஸ்ரீ அரவிந்தர் ஏகாந்தத்தை மேற்கொண்டபோது ஆசிரமத்தின் முழுப் பொறுப்பும் அன்னையைச் சேர்ந்தது. சமையற்கூடம், தோட்டம், பட்டறை, 1943இல் தொடங்கிய பள்ளி ஆகிய அனைத்தையும் சாதனையின் அங்கங்களாகவே நடத்திய அவர், 1950 டிசம்பர் 5 அன்று குருநாதர் மறைந்த பின்னும் 23 ஆண்டுகள் அப்பணியைக் கைவிடாது காத்தார். ஏற்ற காரியத்தின்பால் இத்துணை விசுவாசம் கொண்ட ஒரு வாழ்வை இந்நகரம் தன் தாயாகக் கொண்டாடியது வியப்பன்று. அவரும் 1954இல், பிரெஞ்சுக் குடியுரிமையோடு இந்தியக் குடியுரிமையையும் பெற விரும்புவதாகப் பகிரங்கமாக அறிவித்தார்.

தொண்ணூறாவது ஜயந்தி 1968இல் வந்தது. அவ்வயதில் பிறர் ஓய்வை நாடுவார்கள். அன்னையோ அதற்கு அடுத்த வாரமே, பிப்ரவரி 28 அன்று, புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் வெட்டவெளியில் ஆரோவில் என்னும் சர்வதேச நகரைத் தொடங்கி வைத்தார். சுமார் 5,000 பேர் திரண்டிருந்த அவ்விழாவில், 124 நாடுகளின் மண்ணும் பாரதத்தின் பல மாநிலங்களின் மண்ணும் ஒரே பளிங்குத் தாழியில் கலக்கப்பட்டன. அன்னை அங்கே செல்லவில்லை. தம் அறையிலிருந்தபடியே நகரின் சாசனத்தைப் பிரெஞ்சு மொழியில் வாசித்தார், வானொலி அக்குரலைச் சுமந்து சென்றது. அவருடைய 93ஆம் ஜயந்தியன்று, 1971இல் சூரியோதய வேளையில், அந்நகரின் நடுவே மாத்ரிமந்திர் என்னும் தியான மண்டபத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது; அக்கட்டடம் நிறைவுற்றது 2008இல். 1973 நவம்பர் 17 அன்று அன்னை மறைந்தார். 1978இல் வந்த நூற்றாண்டு ஜயந்தியை இந்திய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

எனக்கு இவை யாவற்றினும் பெரிதாகத் தோன்றுவது வேறொரு வழக்கம். தம் ஜயந்தியில் காணிக்கை பெற்ற அவர், ஆசிரமவாசி ஒவ்வொருவரின் பிறந்தநாளையும் நினைவில் வைத்து, அன்று அவரைத் தனியே அழைத்து, தம் கையெழுத்திட்ட வாழ்த்தட்டையும் மலர்களையும் வழங்குவார். கழிந்துபோன ஆண்டுகளின் கணக்காக அந்நாளை அவர் கருதவில்லை. உயிர் புதிதாகத் தொடங்குவதற்கு உகந்த தருணம் என்றே கருதினார். எண்ணூறுக்கும் மேற்பட்ட மலர்களுக்கு அவர் ஆன்மிகப் பொருள் கண்டிருந்ததால், அவர் தரும் பூவே ஓர் உபதேசமாயிற்று: துளசி பக்தியைக் குறித்தது, மல்லிகை தூய்மையை, பவழமல்லி ஆர்வத்தை. நம் வீட்டு வாயிலில் எவரும் கவனியாமல் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிக்கு அவர் தந்த பொருள் முன்னேற்றம். ஆசிரமத்தில் இன்றும் பிறந்தநாள் காண்பவரை, குழந்தையாயினும் முதியவராயினும், அன்னையின் தாய்மொழியான பிரெஞ்சிலேயே ‘போன் ஃபேத்’ என்று வாழ்த்துகிறார்கள்.