கொடுவா மீனும் தூண்டிற் கலையும்

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நீண்டு கிடக்கும் நமது வாவி, வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலை அணுகுகின்றது. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இவ்வாவியில் வளரும் மீன்களுள் கொடுவா சிறப்புடையது. 1790 ஆம் ஆண்டில் புளொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை விஞ்ஞான முறையில் விவரித்தார். அவுஸ்திரேலியர் இதனைப் 'பரமண்டி' என்பர். அமெரிக்க ஏரிகளிற் புகழ்பெற்ற பெருவாய்ப் பாஸ் மீன் வேறு குடும்பத்ததாயினும், இரைகொள்ளும் முறையில் இரண்டும் ஒத்தன. ஆதலின் அங்கே வழங்கும் தூண்டில் உத்திகள் பல இங்கும் பயன்படுவனவாம்.

கொடுவா, இரையைத் துரத்தித் திரியும் மீனன்று. பதுங்கிப் பாயும் மீன். கண்டல் வேர், வீழ்ந்த மரம், பாலத்தூண் ஆகியவற்றின் நிழலில் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, ஓட்டம் கொணரும் மணலைக் குஞ்சையும் இறாலையும் பார்த்திருக்கும். இரை அண்மியதும் வாயையும் செவுளையும் ஒருங்கே விரிக்கும். நீரோடு இரையும் உள்ளே இழுபடும். இதனை அறிந்தவன் நடுவாவியில் தூண்டில் எறியான்; நிழலோரத்திலேயே எறிவான். வைகறையும் அந்தியும் அதற்கேற்ற பொழுதுகள்.

இரைகளுள் உயிருள்ள இறாலே சிறந்தது. தலையினுள்ளே தெரியும் கரும்பகுதியிற் படாமல் கோத்தால், அது நெடுநேரம் உயிரோடு துடிக்கும். அத்துடிப்பே கொடுவாவை அழைக்கும்.

உயிரிரைக்கு மாற்றாக வந்தது பொய்யிரை. பின்லாந்து தேசத்து மீனவராகிய லவுரி ரபாலா, கூட்டத்தினின்றும் விலகித் தள்ளாடி நீந்தும் சிறுமீனையே பெருமீன் கவ்வுவதைக் கண்டார். 1936 இல் அவ்வாறே தள்ளாடி நீந்தும் மீனுருவொன்றைத் தக்கையிற் செதுக்கினார். மினுக்கத்திற்குச் சொக்கிலேற் சுற்றிய தாளையும், மேற்பூச்சிற்கு உருக்கிய புகைப்படச் சுருளையும் பயன்படுத்தினாரென்பர். அழகன்று, அசைவே மீனை ஏமாற்றும் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே பொய்யிரையை எப்பொழுதும் ஒரே சீராக இழுத்தல் போதாது. இருமுறை வெட்டியிழுத்து, சற்றே நிறுத்தி, மீண்டும் இழுத்தல் வேண்டும். நிறுத்திய கணத்திலேயே கொடுவா பாய்தல் பெரும்பான்மை. கவ்விய மீன் நீரின்மேல் துள்ளித் தலையை உதறும். அப்பொழுது கோலைத் தாழ்த்தி, நூல் தளராது பிடித்தல் வேண்டும். அதன் செவுள்மூடியின் ஓரம் கத்திபோற் கூரியது. ஆதலின் தூண்டிலையடுத்து ஒரு முழ நீளத்திற்குத் தடித்த தங்கூசி கட்டுதல் நன்று. மீனைக் கையாள்வோரும் செவுளிற் கைவையாதிருப்பாராக.

இனி, நாம் சிறப்பாகக் கருதவேண்டியது ஒன்றுண்டு. கொடுவா முதலில் ஆணாகவே முதிர்கின்றது. சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறுகின்றது. எனவே மூன்றடிக்கு மேற்பட்ட கொடுவா பெரும்பாலும் தாய்மீனேயாம். அது முட்டையிடுவதும் நன்னீரிலன்று, ஆற்றுவாயையடுத்த உவர்நீரிலேயாம். மிகப் பெரிய மீனைப் பிடித்தோமென்று மகிழ்வோர், இலட்சக்கணக்கான முட்டைகளையும் உடன் அழித்தவராவர். பெருமீன் ஒவ்வொன்றாய் ஒழியின், பின்னர் ஆணாயுள்ளவை முதிர்ந்து பெண்ணாகும்வரை வாவி காத்திருத்தல் வேண்டும்.

வலைவீசி வயிறு வளர்க்கும் குடும்பத்தாரை நோக்கி இதனைக் கூறுகின்றோமல்லோம். விடுமுறையிற் பொழுதுபோக்காகக் கோலெடுத்துச் செல்லும் நம் பழைய மாணவர்க்கும் இளைஞர்க்குமே கூறுகின்றோம். சிறியதை விடுக, வளர்ந்து பயன்தரும். மிகப் பெரியதையும் விடுக, இனம் பெருக்கும். இடைப்பட்டது ஒன்றே வீட்டுக் கறிக்குப் போதும். விடுவோர் தூண்டிலின் எதிர்முள்ளை முன்னரே நசுக்கிக் கொள்க. நனைந்த கையால் மீனைத் தாங்கி, அது தானே வாலசைத்துச் செல்லும்வரை நீரில் நிறுத்தி வைக்க. மீனைப் பிடித்தல் போலவே அதனைப் பழுதின்றி விடுதலும் பயின்று பெறவேண்டிய கலையேயாம்.